கீறலும் மெருகும்: கண்ணாடி துலக்கிய கைகளின் வரலாறு

கண்ணாடி தன் தொழிலைச் செவ்வனே செய்யும்போது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதிற் கீறல் விழுந்த பின்னரோ, புகைபடர்ந்தாற்போல மங்கிய பின்னரோதான் அப்படியொரு பொருள் நம் முன் இருப்பதை உணர்கின்றோம். கண்ணாடியைத் துலக்குவோரின் நிலையும் இத்தகையதே. அவர்களது உழைப்பு எவ்வளவுக்குச் சிறந்ததோ அவ்வளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிடுகின்றது. அரசர்களின் வரலாற்றையும் நிலவுடைமையின் வரலாற்றையும் விரிவாகக் கற்கும் நாம், இத்தகைய சிறுதொழில்களின் வரலாற்றைப் பொருட்படுத்துவது அரிது. கண்டி நகரத்து வேலைத்தலம் ஒன்றிற் பிறந்த வினாவொன்றைத் தொடர்ந்து சென்று, மோட்டார் வண்டிக் கண்ணாடியை மெருகிடும் தொழிலின் வரலாற்றினைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறிக் கண்டியை நோக்கி வருபவர், வலப்புறத்தும் இடப்புறத்தும் மாறிமாறி வரும் வளைவுகளையும், எதிரே வரும் லொறிகளின் விளக்கொளியையும், மழைக்காலமாயின் மலைச்சரிவில் இறங்கும் மூடுபனியையும் அறிவர். அவ்வேளையில் முன்கண்ணாடியிலுள்ள நுண்கீறல்கள் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். பகலில் ஒருவரும் பொருட்படுத்தாத மங்கல், இரவில் ஒரு வெண்திரையாகிப் பாதையை மறைத்துவிடும். எனவே இது அழகு பற்றிய சிக்கல் மட்டுமன்று. சாரதியினதும் பயணிகளினதும் உயிர் பற்றிய சிக்கலுமாகும்.

எங்கள் உறவினர் ஒருவரின் பழைய வண்டியின் முன்கண்ணாடியில் மழைத்துடைப்பான் வில்வடிவில் ஒரு தழும்பினை ஏற்படுத்தியிருந்தது. அதனை அகற்றுவதற்காக ஓரிடத்திற் கொடுத்தபோது, அங்கிருந்தோர் உலர்ந்த உப்புத்தாளால் அதனைத் தேய்த்துவிட்டனர். ஒரு கீறல் மறைந்தது. அதன் இடத்தில் உள்ளங்கையகல மங்கலொன்று தோன்றிவிட்டது. பின்னர் கட்டுகஸ்தோட்டை வீதியோரத்து வேலைத்தலம் ஒன்றிற்கு அவ்வண்டியைக் கொண்டு சென்றோம். அங்கு முதியவர் ஒருவர் அக்கண்ணாடியின்மீது நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். தோட்டத்திற் பிறந்து, லொறிக் கிளீனராகத் தொழிலுக்கு வந்தவர் அவர். “கீறலை முழுவதும் அழித்துவிடலாமா ஐயா?” என்று கேட்டேன். அவர் கூறியது இது: “கீறல அழிக்க ஏலாது தம்பி. பெருசச் சிறுசாக்கலாம், சிறுசக் கண்ணுக்குத் தெரியாமப் பண்ணலாம். அம்புட்டுத்தான்.”

இக்கூற்று என்னைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில், 1704ஆம் ஆண்டில் வெளியான தமது ஒளியியல் நூலில் ஐசாக் நியூட்டன் கொண்டிருந்த கருத்தும் ஏறத்தாழ இதுவேயாகும். மெருகிடுதல் என்பது கண்ணாடியை இடைவிடாது உராய்ந்து தேய்ப்பதே என்றும், உராயும் துகள் சிறியதாகுந்தோறும் கீறலும் சிறியதாகி ஈற்றில் கண்ணுக்குப் புலனாகாது போகின்றது என்றும் அவர் கருதினார். நியூட்டன் தம் தொலைநோக்கிக்கான உலோக ஆடியைத் தம் கையாலேயே தேய்த்து மெருகிட்டவர். கையால் உழைத்தோர் இருவர், முந்நூறு ஆண்டு இடைவெளியில், ஒரே முடிவுக்கு வந்துள்ளனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆடியும் மணியும்

மெருகிடுதல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. ‘கண்ணாடி’ என்ற சொல்லிலேயே ‘ஆடி’ என்ற பழஞ்சொல் உறைகின்றது. குறுந்தொகையின் எட்டாம் பாடல் ஆடியிற் றோன்றும் பாவையை உவமையாகக் கையாள்கின்றது. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரம் அடுத்த பொருளைக் காட்டும் பளிங்கினைப் பேசுகின்றது. பண்டைய ஆடி இன்றைய கண்ணாடி போன்றதன்று. அது மெருகிடப்பட்ட உலோகத் தகடேயாகும். கேரளத்து ஆறன்முளையிற் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படும் ஆடி, அம்மரபின் எஞ்சிய சான்றாக இன்றும் விளங்குகின்றது. வார்ப்பு முடிந்ததும் ஆடி பிறந்துவிடுவதில்லை. நாட்கணக்காக எண்ணெயும் நுண்பொடியுமிட்டுத் துணியாலும் தோலாலும் தேய்த்த பின்னரே அத்தகடு முகத்தைக் காட்டுகின்றது.

உருக்கிய கண்ணாடியும் நம்மவர்க்குத் தெரிந்ததே. அரிக்கமேட்டிலும் இலங்கையின் மாந்தையிலும் நிகழ்ந்த அகழ்வுகள் கண்ணாடி மணி செய்யும் தொழில் அங்கு நிலவியமையைக் காட்டுகின்றன. மெல்லிய கண்ணாடிக் குழல்களைத் துண்டுகளாக வெட்டினால் விளிம்புகள் கூராக இருக்கும். ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இம்மரபைத் தொடர்ந்தோர் அத்துண்டுகளைச் சாம்பலுடன் சேர்த்துச் சூடாக்கிக் கிளறினர். வெப்பத்தில் விளிம்புகள் இளகி உருண்டன. சாம்பல் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது காத்தது. உராய்வின்றி நெருப்பினாலேயே மெருகூட்டும் முறை இது. இதனை நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும்; ஏனெனில் இருபதாம் நூற்றாண்டின் பெருந்தொழிற்சாலை இதே தத்துவத்திற்கே திரும்பிவந்தது.

தகட்டுக் கண்ணாடியும் உழைப்பும்

பெருந்தகடாகக் கண்ணாடியை ஆக்கும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. பிரான்சில் 1665ஆம் ஆண்டு அரச ஆதரவுடன் கண்ணாடித் தொழிலகம் நிறுவப்பட்டது. வெர்சேய் மாளிகையின் 357 ஆடிகள் கொண்ட மண்டபம் 1684இல் நிறைவுற்றது. அந்நூற்றாண்டின் இறுதியில், உருகிய கண்ணாடியை மேசைமீது வார்த்து உருளையால் உருட்டும் முறை பிரான்சிற் கையாளப்படலாயிற்று. ஆயினும், மேசையிலிருந்து எடுத்த தகடு ஒளி ஊடுருவாத கரடுமுரடான பரப்பையே உடையதாயிருந்தது. அதனை முதலில் மணலும் நீருமிட்டு அரைத்தனர். பின்னர் நுண்ணிய குருந்தப் பொடியால் வழுவழுப்பாக்கினர். இறுதியாக ‘ரூச்’ எனப்படும் செந்நிற இரும்பொட்சைட்டுப் பொடியால் மெருகிட்டனர். ஒரு பக்கம் முடிந்ததும் தகட்டைப் புரட்டி மறுபக்கத்திற்கும் இவ்வாறே செய்ய வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் ரேவன்கெட் தொழிற்சாலையில் 1789ஆம் ஆண்டளவிற் கண்ணாடியை அரைப்பதற்கு நீராவிப்பொறி பயன்படுத்தப்பட்டது. ஆயினும் இடைப்பட்ட வழுவழுப்பாக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் மனிதக் கைகளாலேயே நிகழ்ந்தது. பெண்கள் பலர் அவ்வேலையில் ஈடுபட்டனர். ஆடிக்கு முதுகுப்பூச்சிடும் தொழிலாளரின் நிலை இன்னும் கொடியது. வெள்ளீயமும் இரசமும் கலந்த பூச்சிலிருந்து எழுந்த ஆவி அவர்களை நடுக்கநோய்க்கு ஆளாக்கியது. வெள்ளியைப் படியவைக்கும் இரசாயன முறையை 1835இல் லீபிக் விளக்கியிருந்தும், இரசம் உடனடியாக ஒழிந்துவிடவில்லை. மாளிகைக் கண்ணாடியில் முகம் பார்த்தோரை வரலாறு அறியும். அதனைத் தேய்த்தோரை அறியாது.

மோட்டார் வண்டி வந்ததும் கண்ணாடியின் தேவை புதுவடிவெடுத்தது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் எடுவார் பெனடிக்டசு 1903இல் குடுவையொன்று கீழே விழுந்து உடைந்தும் சிதறாதிருந்தமையைக் கண்டார். அதனுள்ளே உலர்ந்திருந்த செலுலோசு நைத்திரேற்றுப் படலமே துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் அவர் அடுக்குக் கண்ணாடிக்கு உரிமம் பெற்றார். இரு தகடுகளுக்கிடையே ஒட்டுப்படலம் அமைந்த இக்கண்ணாடியே இன்றைய முன்கண்ணாடிகளின் முன்னோடி. பக்கக் கண்ணாடிகளோ பெரும்பாலும் வெப்பத்தாலும் விரைவான குளிர்ச்சியாலும் வன்மையூட்டப்பட்டவை; உடைந்தால் சிறுமணிகளாக உதிர்வன.

நல்ல கண்ணாடி வேண்டுமெனில் அரைத்தலும் மெருகிடுதலும் இன்றியமையாதவை என்ற நிலை 1950கள் வரை நீடித்தது. அரைத்துத் தேய்த்தலினால் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீணாயிற்று. இந்நிலையை மாற்றியவர் அலாஸ்டயர் பில்கிங்டன். உருகிய வெள்ளீயத்தின்மீது உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால், இரு பரப்புகளும் தேய்ப்பின்றியே ஒப்புரவாக அமையும் என்ற எண்ணம் 1952இல் அவருக்குத் தோன்றியது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவது. கண்ணாடியோ ஏறத்தாழ 600 பாகையிலேயே தூக்கி எடுக்கத்தக்க அளவுக்கு இறுகிவிடுவது. இவ்வேறுபாடே அம்முறையின் அடிப்படை. ஏழாண்டு உழைப்பும் ஏறத்தாழ 70 இலட்சம் பவுண் செலவும் கண்ட பின்னர், 1959 சனவரியில் மிதவைக் கண்ணாடி அறிவிக்கப்பட்டது. மணி செய்வோரின் நெருப்பு மெருகு பேருருவிற் திரும்பிவந்தது எனலாம்.

இதன் விளைவாகத் தொழிற்சாலைகளிலிருந்த மாபெரும் அரைக்கும் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆயின் மெருகிடும் தொழில் மறைந்துவிட்டதா? மறையவில்லை. கண்ணாடி பிறக்கும் இடத்திலிருந்து, அது தேயும் இடத்திற்கு அத்தொழில் இடம்பெயர்ந்தது. தொழிற்சாலையை விட்டு வீதியோர வேலைத்தலத்திற்கு வந்து சேர்ந்தது.

மெருகின் இயல்பு

முதியவரின் கூற்றும் நியூட்டனின் கருத்தும் முழு உண்மையா? பிற்காலத்து அறிவியலாளர் இதில் ஐயங்கொண்டனர். மெருகிட்ட பரப்பினை ஆராய்ந்த ரேலி பிரபு, அங்கு கண்ணாடி மூலக்கூற்றளவில் அகற்றப்படுகின்றது எனக் கருதினார். பரப்பு உருகியதுபோல ஓடிப் பள்ளங்களை நிரப்புகின்றது என்றார் பெயில்பி. நீரின் பங்கு பின்னரே தெளிவாயிற்று. நீர் கண்ணாடியின் மேற்பரப்பைச் சற்று மென்மையாக்குகின்றது. மெருகுத்துகள் அம்மென்படலத்துடன் இரசாயனப் பிணைப்புக்கொண்டு அதனைச் சிறிது சிறிதாகப் பற்றி இழுத்துச் செல்கின்றது. எனவே அரைத்தல் கண்ணாடியை நொறுக்குவது. மெருகிடுதல் அதனை உரிப்பது. இரண்டும் ஒரே செயலின் இரு அளவுகளல்ல.

இவ்வகையில், உலர்ந்த தேய்ப்பு ஏன் மங்கலை உண்டாக்கியது என்பதும் விளங்கும். உப்புத்தாளின் கடுந்துகள் கண்ணாடியிற் கணக்கற்ற நுண்குழிகளைத் தோற்றுவித்தது. அவை தனித்தனியே கண்ணுக்குத் தெரிவதில்லை. கூட்டாக ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றுகின்றன. நீரின்றேல் உரிக்கும் செயலும் நிகழாது. ஒவ்வொரு படியும் முன்னைய படியின் தழும்பை முற்றாக அகற்றித் தனது சிறுதழும்பை விட்டுச் செல்ல வேண்டும். ஒரு படியைத் தாண்டி விரைபவர் எவ்வளவு மெருகிட்டாலும் அடியிலுள்ள தழும்பு எஞ்சியே நிற்கும்.

கண்டியும் கரைமணலும்

அம்முதியவர் பயன்படுத்திய பொடி சிவந்த இரும்பொட்சைட்டு அன்று; இளமஞ்சளும் வெண்மையும் கலந்த சீரியம் ஒட்சைட்டு. இப்பொடியின் வரலாறு நம் நாட்டுடனும் தமிழகத்துடனும் தொடர்புடையது.

சீரியம் 1803இல் கண்டறியப்பட்டது. ‘அருமண்’ மூலகங்களுள் ஒன்றென வகுக்கப்பட்டாலும் புவியோட்டில் ஏறத்தாழச் செம்பின் அளவுக்குப் பரந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆவர் வொன் வெல்சுபாக் உருவாக்கிய வாயு விளக்குத் திரிவலைக்குத் தோரியம் பெருமளவும் சீரியம் மிகச் சிறிதளவும் வேண்டியிருந்தன. இரண்டும் மொனசைற்று மணலிற் கலந்து கிடைப்பவை. 1909இல் தென்திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கரையில் மொனசைற்று கண்டறியப்பட்டது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அதனைக் காட்டிக்கொடுத்தது. 1956இல் தமிழகத்துடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் அவ்வூர் இன்று அடங்கும். இலங்கையின் புல்மோட்டைக் கரையிலும் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் ஆகியவற்றுடன் மொனசைற்றும் கலந்துள்ளது.

இவ்விடத்தில் கண்டியோடு நெருங்கிய பெயரொன்று நினைவுக்கு வருகின்றது. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நாம் அறிவோம். ஆயின் அவர் இலங்கைக்குப் பணியாற்ற வந்தது கனிப்பொருளியலாளராகவே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக இருந்தார். 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருள் உலகுக்கு அறிமுகமானதில் அவருக்குப் பங்குண்டு. தோரியம் மிகுந்த அக்கனிப்பொருளிற் சிறிதளவு சீரியமும் கலந்திருக்கும். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்கள்தோறும் சென்றவர், அங்கு கைவினைஞரைக் கண்டார். அதன் பயனே 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். கண்டிப் பிரதேசத்துப் பொற்கொல்லர், கற்றச்சர், ஓவியர் ஆகியோரின் கருவிகளையும் சொற்களையும் அவர் அதிற் பதிவுசெய்தார். புத்தர் படிமத்திற்குக் கண் திறக்கும் சடங்கில் கைவினைஞர் படிமத்தை நேரே நோக்காது ஆடியிற் பார்த்தே கண் எழுதுவர் என்ற செய்தியும் அந்நூலில் உண்டு. இயந்திரப் பொருள்களின் வருகையால் அழிந்துகொண்டிருந்த தொழிலறிவை அழியுமுன் எழுதிவைத்தமையே அவரது பெருந்தொண்டாகும்.

தோரியத்தைப் பிரித்தெடுத்த பின்னர்ச் சீரியம் கழிவாகவே குவிந்தது. முதலில் அது தீமூட்டிக் கற்களுக்குப் பயன்பட்டது. பின்னர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஒளியியற் கண்ணாடிகளை மெருகிடுவதற்கு இரும்பொட்சைட்டை விடச் சீரியம் ஒட்சைட்டு விரைவானது என்பது பரவலாக உணரப்பட்டது. கைகளையும் சுவர்களையும் சிவப்பாக்கும் ‘ரூச்’ படிப்படியாக ஒதுங்கியது. சுதந்திர இந்தியாவில் மொனசைற்றைப் பதப்படுத்தும் ஆலை 1952இல் ஆலுவாயிற் திறந்துவைக்கப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்ததும், பில்கிங்டனுக்கு மிதவைக் கண்ணாடி பற்றிய எண்ணம் தோன்றியதும் அதே ஆண்டிலேதான். அருமண் உற்பத்தியில் இன்று முதலிடம் வகிப்பது சீனாவாகும். கழிவாக ஒதுக்கப்பட்ட ஒன்று, வேறொரு கையில் மூலப்பொருளாகும் வரலாற்று நியதிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

வேலைத்தலத்தின் அறிவு

இலங்கையில் 2020இல் மோட்டார் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடி உதிரிப்பாகங்களையும் எட்டாப் பொருளாக்கியது. தனியார் வண்டிகளின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில், பழையதை மாற்றுதல் இயலாது, பழையதைப் பேணுதலே வழி என்ற நிலை உருவாயிற்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் பழைய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகள் இவ்வாறே கைத்திறனால் ஓடின. நெருக்கடிக் காலங்களே தொழிலாளியின் அறிவுக்கு மதிப்பைத் தேடித் தருகின்றன. நெருக்கடி நீங்கியதும் அம்மதிப்பும் நீங்கிவிடுகின்றது.

அம்முதியவரின் முறையினை இயன்றவரை இங்கு பதிவுசெய்தல் பொருந்தும். முதலில், நிறைந்த நீரால் தூசியைக் கழுவுதல் வேண்டும். கீறல்களுட் பெரும்பாலானவை துடைக்கும் துணியின் அடியிற் சிக்கும் மணலாலேயே விழுகின்றன. நிலத்தில் விழுந்த துணியை மீண்டும் கண்ணாடியில் வைத்தலாகாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடல் வேண்டும். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டும்போது நகம் தடுக்கினால், அக்கீறல் ஆழமானது. அதனை முற்றாக நீக்க முயன்றால் அவ்விடம் பள்ளமாகி, வில்லை போலக் காட்சியை வளைத்துவிடும். சாரதியின் பார்வைக்கு நேரே அத்தகைய கீறல் இருப்பின் கண்ணாடியை மாற்றுதலே தகும். நகம் தடுக்காத கீறலுக்கு, சீரியம் ஒட்சைட்டை நீரிற் கரைத்து மோர்ப்பதமாக்கி, கம்பளி அட்டையில் தடவி, மெல்லிய அழுத்தத்துடன் தேய்த்தல் வேண்டும். ஓரிடத்திலேயே நிற்றலாகாது, சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பரவலாகத் தேய்த்தல் வேண்டும். ஈரம் உலரலாகாது. அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு ஏறாது காத்தல் வேண்டும். ஓரிடத்திற் சூடேறின் அடுக்குக் கண்ணாடி வெடித்துவிடும். நடுவெயிலில் இவ்வேலையைத் தொடுவதில்லை.

உட்புற மங்கலுக்குக் காரணம் வேறு. வெயிலிற் சூடாகும் செயற்கைத்தோலிலிருந்தும் பிளாத்திக்குப் பாகங்களிலிருந்தும் எழும் ஆவி கண்ணாடியின் உட்பரப்பில் மெல்லிய நெய்ப்படலமாகப் படிகின்றது. அதனை ஒரே துணியால் துடைப்பவர் படலத்தை இடம்மாற்றுகின்றாரேயன்றி அகற்றுவதில்லை. ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று என இரண்டு வேண்டும். வேலை முடிந்ததா என்பதைப் பகலொளியில் தீர்மானிப்பதுமில்லை. அந்தி சாய்ந்த பின்னர் வண்டியின் முன்னே விளக்கொன்றை ஏற்றிவைத்து, சாரதியின் ஆசனத்திலிருந்து நோக்கியே அவர் தம் வேலையை ஏற்றுக்கொண்டார். எங்கள் வண்டிக்கு அது இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தது. பிறர் விட்ட மங்கலை நீக்குவது புதிய கீறலை நீக்குவதிலும் கடினம் என்றார். கண்ணாடியின் ஒரு மூலையில் மங்கல் சிறிது எஞ்சியது. அதற்குமேல் தேய்க்க அவர் மறுத்துவிட்டார். எங்கு நிறுத்துவது என்பதை அறிதலும் அத்தொழிலின் ஒரு பகுதியே.

முடிவுரை

கடுகண்ணாவைக் கணவாயிற் பாதையமைப்பை மேற்பார்வை செய்த கப்டன் தோசனுக்கு நினைவுக்கோபுரம் உண்டு. ஆளுநர் பாண்சின் பெயரும் அப்பாதையோடு இணைத்துப் பேசப்படுகின்றது. இராசகாரியத்தின் பெயரால் அம்மலையை வெட்டியோருக்குக் கோபுரமில்லை. அப்பாதை வழியே செல்லும் வண்டிகளைத் துடைத்தும் துலக்கியும் ஓடவைத்தோரின் நிலையும் வேறன்று. துலக்கியவரின் பெயரைக் கண்ணாடியில் எழுதுவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு கீறலே. ஆகையால் அது வேறெங்கேனும் எழுதப்படல் வேண்டும்.

நூற்றாண்டுக்கு முன்னர் குமாரசுவாமி கண்டிக் கைவினைஞரின் கருவிகளையும் சொற்களையும் திரட்டினார். அவர் தேடிச் சென்ற மலைநாட்டில் இன்று வாழும் தொழிலாளரின் அறிவு, பெரும்பாலும் அவர்தம் கைகளிலும் நினைவிலுமே தங்கியுள்ளது. கண்ணாடி துலக்குவோர், மாணிக்கம் தீட்டுவோர், வண்டி திருத்துவோர் ஆகியோரின் வாய்மொழிகளை, அவர்கள் வழங்கும் சொற்களிலேயே பதிவுசெய்வது பேராதனை மாணவராகிய நமக்கு இயலாத காரியமன்று. அதற்குப் பெருநிதியம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும், விடுமுறை நாட்கள் சிலவும் போதும். கட்டுகஸ்தோட்டை வீதி நாம் வாழும் வளாகத்திலிருந்து தொலைவில் இல்லை.